நீரோட்டத்தில் பின்னிய கயிறு

நங்கூரக் கயிறு அறுந்தது எங்களுக்கு உடனே தெரியவில்லை.

அதுவரை எங்கள் வத்தை, அதாவது பாய்ப்படகு, திமிறிக்கொண்டிருந்தது. நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, கயிறு மறுபக்கம் பிடிக்க, நாங்கள் உட்கார்ந்திருந்த பலகை விடாமல் அதிர்ந்தது. சட்டென்று எல்லாம் அடங்கிப்போயிற்று. வத்தை லேசாகி, சுகமாக மிதந்தது.

“அப்பாடா, அடங்கிருச்சு மதினி,” என்றாள் காளியம்மா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போது படகோட்டி சந்தியாகு தண்டல் முன்பக்கம் ஓடினார். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. கயிறு கட்டியிருந்த கட்டையில் நாலு சுற்று மட்டும் மிச்சம். வத்தையின் விளிம்பில் தேய்ந்து தேய்ந்து அறுந்து, மீதிக் கயிறும் நங்கூரமும் கடலுக்குள் போய்விட்டன.

தெற்கே திரும்பிப் பார்த்தேன். பாம்பன் பாலம் வந்துகொண்டிருந்தது. பாலம் எங்கே வரும், நாங்கள்தான் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஆனால் அன்று என் கண்ணுக்கு அது எழுந்து நடந்து வருவதுபோலத்தான் இருந்தது.

தனுஷ்கோடிப் புயலுக்குப் பிறகு அதைப் பாலம் என்று சொல்ல முடியாது. தூண்கள் நின்றன. மேலே இருந்த இரும்பெல்லாம் முறுக்கிக்கொண்டு தூணுக்கும் தூணுக்கும் நடுவே தண்ணீரில் தலைகுப்புறக் கிடந்தது. அந்த இரும்புக்குள் கடல் நுரைத்துப் பாயும் சத்தம் எங்களுக்கே கேட்டது. ஒரு வத்தை அதில் போய் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் இந்தத் தொடரில், கயிறு திரிக்கும் எங்கள் பெண்கள் சங்கத்துக்கு முதல் ராட்டை வந்த கூத்தை எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

கைநாட்டுப் பயம்

பயம் எங்களுக்குப் புதிதல்ல. சங்கமே பயத்தோடுதான் பிறந்தது.

மண்டபத்துக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் ஊர். தேங்காய் மட்டையைக் கடலோரக் குழியில் ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்துக் கயிறு திரிப்பது பெண்கள் வேலை. அவரவர் வீட்டு முற்றத்தில் தனித்தனியாகத் திரித்துக்கொண்டிருந்தோம். சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, பிளாக் ஆபீஸிலிருந்து ஒரு கிராம சேவிகா வந்தார். எல்லாரும் சேர்ந்து சங்கமாகத் திரியுங்கள், கைநாட்டு வையுங்கள் என்றார்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. கைநாட்டு வைத்தால் கப்பலில் ஏற்றி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். முன்பு அப்படிப் போனவர்கள் திரும்பாத வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. அதனால் அதை யாரும் வெறும் வதந்தி என்று தள்ளவில்லை. சேவிகா மைப்பெட்டியைத் திறந்ததும் பாதிப் பேர் தோப்புக்குள் ஓடினார்கள். ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

முதல் கட்டைவிரலை நீட்டியது ஜெயினம்பு லாத்தா. துலுக்கத் தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எங்கள் தெருப் பெண்களும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா என்று அர்த்தம். நெட்டையான உடம்பு, கணீரென்ற குரல்.

“ஏத்துனா ஏத்தட்டும்டி. அங்கனயும் கயிறு வேணும்ல?” என்றார்.

அந்த ஒரு விரலுக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். அவர் தலைவி. நாலாம் வகுப்பு வரை படித்த குற்றத்துக்காக நான் காரியதரிசி. சில வருஷத்தில் கொட்டகை வந்தது, ராட்டைகள் வந்தன. ஓய்ந்த நேரத்தில் பெண்கள் எழுத்துக் கூட்டினார்கள். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் சங்கத்திலிருந்து இரண்டு பேர் போய் நிற்பது வழக்கமாயிற்று.

லாத்தாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

“கடல் திரும்ப வருது!”

புயலைப் பற்றி நான் எழுத வேண்டாம். அந்தக் கரையில் பிறந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. நான் சொல்ல வந்தது புயலுக்குப் பிந்திய நாட்களை.

கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகினார்கள். பட்டப்பகலில் தென்னை மட்டை ஒன்று சரசரவென்று விழுந்தால் போதும், “கடல் திரும்ப வருது!” என்று யாராவது கத்துவார்கள். உலையை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில் மேட்டுக்கு ஓடுவோம். மேட்டில் ஏறிப் பார்த்தால் கடல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். சிரித்தபடி திரும்புவோம். மறுநாள் மறுபடி ஓடுவோம்.

தீவில் நிலைமை மோசம். தனுஷ்கோடி போய்விட்டது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் குடிசைகள் கிடையாது. பிழைத்தவர்கள் வெட்டவெளியில் கிடந்தார்கள். சர்க்கார் படகில் மூங்கிலும் கீற்றும் போய் இறங்கிவிட்டன என்று சேதி வந்தது. ஆனால் கட்டுவதற்குக் கயிறு இல்லை. சேலையைக் கிழித்துக் கட்டுகிறார்களாம். வாடைக் காற்றில் அது அவிழ்ந்து, கீற்றெல்லாம் பறக்கிறதாம்.

எங்கள் கொட்டகையில் கயிறு இருந்தது. புயலில் கூரை போனாலும், நனைந்த கயிற்றை உலர்த்திக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தோம். லாத்தா எல்லாரையும் கூட்டினார்.

“இங்கன அடுக்கி வச்சு அழகு பாக்கவா திரிச்சோம்?”

அன்று யாரும் மறுத்துப் பேசவில்லை. பேச்சு நின்றது அடுத்த கேள்வியில்தான். யார் கொண்டுபோவது?

சந்தியாகு பாம்பன்காரர். வத்தை தருகிறேன், ஓட்டுகிறேன் என்றார். “ஆனா ஒப்படைக்க ஆளு வேணும் தாயி. அங்கன கரையில இறக்குனா, பலமுள்ளவன் கையிலதான் சேரும். இல்லாதவனுக்கு ஒரு முழம் மிஞ்சாது.”

ஊர் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தோப்பில் அவசர வேலை இருப்பதாகச் சொன்னார். தோப்பில் அப்போது மரமே பாதிதான் நின்றது.

“நான் வாரேன்,” என்றார் லாத்தா.

சங்கத்திலேயே கைவலு அதிகமுள்ள காளியம்மா கையைத் தூக்கினாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காரியதரிசி அல்லவா. “நானும் போறேன்,” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது என் குரல்தான்.

ஒரே ஒரு கல்

காலையில் மண்டபம் கரையை விட்டபோது காற்று மிதமாகத்தான் இருந்தது. வத்தை நிறையக் கயிற்றுக் கட்டுகள். நடுவில் நாங்கள் மூன்று பேர். பாய்மரத்தடியில் சந்தியாகு, பின்னால் அவர் மைத்துனர் அந்தோணி. பாலத்துக்கு வடக்கே போய், வளைந்து பாம்பனில் இறங்குவதாக ஏற்பாடு.

வாடைக்காலத்தில் அங்கே தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே பாயும். காற்றும் அதே பக்கம்தான் தள்ளும். பாதி தூரத்தில் காற்று வலுத்தது. பாய் கட்டியிருந்த நீள மூங்கில் படாரென்று முறிந்து, பாய் தண்ணீரில் விழுந்தது. சந்தியாகு உடனே நங்கூரத்தைப் போட்டார். அதுதான் கொஞ்ச நேரம் எங்களைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

“ஏலே அந்தோணி, துடுப்பப் போடுலே!” என்று சந்தியாகு கத்தினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் வலித்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க வலித்தும் வத்தை முன்னேறவில்லை. பின்னால் போவது கொஞ்சம் மெதுவாயிற்று, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் என் மனதில் சாமி வரவில்லை. பிள்ளை முகம் வரவில்லை. அடுப்பில் பால் வைத்தோமே, இறக்கினோமா என்று ஒரே யோசனை. பாலை இறக்கினேனா, இறக்கினேனா என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அதைச் சத்தமாகச் சொல்லிவிடுவேன் என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“தண்டல், வேற நங்கூரம் இல்லையா?” என்று லாத்தா கேட்டார்.

“ஒரு கல்லு கெடக்கு ஆத்தா. கரையில கட்டுறப்ப போடுற துளைக்கல்லு. அதுக்குக் கயிறு ஏது?”

“இத்தன கயித்து மேல உக்காந்துக்கிட்டு கயிறு ஏதுங்கிறீகளே!”

“இது கூர கட்டுற சன்னக் கயிறு. வத்தையப் பிடிக்காது. ஒரே கல்லுதான் ஆத்தா. அறுந்துச்சுன்னா…” அவர் முடிக்கவில்லை. துடுப்பை வலித்தார்.

லாத்தா எங்கள் பக்கம் திரும்பினார். “பின்னுங்கடி.”

மடி விட்டு மடி

முறுக்கித் திரிக்க ராட்டையும் வேண்டும், நீளமான இடமும் வேண்டும். இரண்டும் இல்லை. சடை பின்னுவதுபோலப் பின்னுவது ஒன்றுதான் வழி. கை நிறையக் கயிறுகளைச் சேர்த்து ஒரு பிரி. அப்படி மூன்று பிரி. தலைப்பை மூன்றையும் சேர்த்துப் பாய்மரத்தின் அடியில் லாத்தா முடிந்தார். ஆளுக்கொரு பிரி. சுருளை மடியில் வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி அடுத்தவள் மடிக்குக் கொடுக்க வேண்டும். லாத்தாவின் சுருள் என் மடிக்கு, என்னுடையது காளியம்மா மடிக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காளியம்மா பாய்மரத்தில் காலை உதைத்து, பின்னலை இறுக்கினாள். அலை அடித்து, கயிறு நனைந்து கனத்தது.

என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. சுருள் நழுவிக் காலடியில் விழுந்தது.

“லாத்தா, என்னால ஏலலை.”

“பாலத்தப் பாக்காத. மடியப் பாரு.”

மடியைப் பார்த்தேன். ஒரு சுருள் தீர்ந்தால் அடுத்த சுருளை முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும். மூன்று பிரியின் முடிச்சும் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் பலம் குறையும். ஒன்று இங்கே, ஒன்று ஒரு முழம் தள்ளி என்று விட்டுவிட்டுப் போட்டேன். அந்தக் கணக்கு மனதில் ஓடிய நேரம் மட்டும் பயம் கொஞ்சம் விலகி நின்றது. முடிச்சு முடிந்ததும் திரும்ப வந்து கழுத்தைப் பிடித்தது.

காளியம்மா ஒரு தரம் எக்கி எக்கி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, “கொடு மதினி,” என்று கையை நீட்டினாள். அவள் வாய் கருப்பசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. லாத்தாவின் உதடு சத்தமில்லாமல் ஓதிக்கொண்டிருந்தது. சந்தியாகு வலிக்கும் ஒவ்வொரு வலிப்புக்கும் “மாதாவே” என்றார்.

இரும்பில் தண்ணீர் பாயும் சத்தம் வரவர ஓங்கியது. காளியம்மா என்னிடம் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, காதில் விழவில்லை. அப்போதுதான் எவ்வளவு கிட்டே போய்விட்டோம் என்று உறைத்தது.

“போதும்! போதும் ஆத்தா!” என்று கத்திக்கொண்டே சந்தியாகு துடுப்பைப் போட்டுவிட்டு வந்தார்.

பின்னலின் நுனியைக் கல்லின் துளையில் நுழைத்துக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா என்று தெரியாது. கல்லைத் தூக்கி முன்பக்கமாகத் தண்ணீரில் விட்டார்.

ஈரச் சாக்கு

கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பின்னியது பற்றாது என்று நான் முடிவுகட்டிய நேரத்தில் அது தளர்ந்தது. கல் அடியில் உட்கார்ந்துவிட்டது. பிறகு கயிறு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்து, விறைத்து, பின்னலுக்குள் இருந்த தண்ணீரெல்லாம் பிழிந்து சொட்டியது. நார்கள் கிறீச்சென்று முனகின. கயிறு முனகினால் எனக்குத் தெரியும், அது தன் பலத்தின் எல்லையில் நிற்கிறது.

வத்தை ஒரு உலுக்கு உலுக்கியது. மூக்கை வடக்கே திருப்பிக்கொண்டு நின்றது.

திரும்பிப் பார்த்தால் வளைந்த இரும்பில் ஒட்டியிருந்த பாசிகூடத் தெரிந்தது.

லாத்தாதான் முதலில் அசைந்தார். காலியான ஒரு சாக்கை நனைத்து மடித்து, விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் அடியில் செருகினார். “முன்ன அறுந்தது இங்கனதான,” என்றார். அப்புறம் அந்த இடத்தை விட்டு அவர் நகரவே இல்லை. ஒரு கையைக் கயிற்றின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சாக்கு தேய்ந்தால் மாற்றினார். “நான் பாக்கேன் லாத்தா, செத்த சாஞ்சுக்கங்க,” என்று காளியம்மா சொன்னாள். அவர் கண் இரும்பிலேயே இருந்தது.

எங்களை மடியைப் பார்க்கச் சொன்னவர், மீதிப் பொழுது முழுக்கப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் முன்னே நீரோட்டம் தணிந்தது. பாம்பனிலிருந்து இரண்டு வள்ளங்கள் வந்து எங்களைக் கட்டி இழுத்துப்போயின.

கரையில்

இறங்கியதும் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகுதான் உள்ளங்கையில் ரத்தம் வருவதைப் பார்த்தேன்.

சந்தியாகு அந்தப் பின்னலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். “இது எனக்கு வேணும் ஆத்தா. எங்க சாமி மாடத்துல வச்சுக்கிறேன்.”

“அது கூரைக்கு வந்தது தண்டல். எறக்குங்க,” என்றார் லாத்தா.

பின்னல் ஈரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்து பிரித்தோம். தீவுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, ஒன்றும் கேட்காமல் எதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். வீட்டை இழந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள். முடிச்சு வராத இடத்தில் ஒருத்தி பல்லால் கடித்து இழுத்தாள். பிரித்த கயிறு முழுக்க நெளிநெளியாக இருந்தது. அந்த நெளியோடுதான் கூரைகள் கட்டினார்கள். காற்று அடித்துப் பார்த்தது. கீற்று பறக்கவில்லை.

எங்கள் சங்கத்தின் பாம்பன் கிளை எப்படித் தொடங்கியது என்று பின்னாளில் அதிகாரிகள் கேட்பார்கள். நாங்கள் தைரியமாகக் கடல் கடந்து போய்த் தொழில் கற்றுக்கொடுத்தோம் என்று மேடையில் பேசுவார்கள். உண்மை வேறு. எங்களுக்குத் திரும்பி வரப் பயம். மறுநாள் சந்தியாகு வேறு நங்கூரத்தோடு வந்து நின்றார். மூன்று பேரும் ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை.

சும்மா இருக்க முடியுமா? தீவில் புயலில் சாய்ந்த தென்னைகளின் காய்கள் மலைபோலக் கிடந்தன. ஊறப்போட்டுக் காத்திருக்க நேரமில்லை. பச்சை மட்டையையே அடித்து முரட்டு நார் எடுத்துக் காட்டினோம். முதல் நாள் நாலைந்து பெண்கள் வந்தார்கள். பிறகு இடம் பற்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அதுவரை யாரிடமும் பேசாதவள், “பிரி சரியா இருக்கா?” என்று என்னிடம் கேட்டாள். அது அவள் பேசிய முதல் பேச்சு என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

என்னைக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் ஒருநாள் படகில் வந்தார். இறங்கும்போது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “புள்ள எங்கம்மாகிட்ட நல்லா இருக்கு. அவசரமில்ல. ரயிலு வரட்டும்,” என்றார். அவரும் தங்கிவிட்டார்.

ரயில்

பாலத்தைச் சரிசெய்து ரயில் விட்ட பிறகு ஊருக்குக் கிளம்பினோம். நானும் காளியம்மாவும் பெட்டியில் ஏறி உட்கார்ந்தோம். லாத்தா பிளாட்பாரத்தில் நின்றார்.

“ஏறுங்க லாத்தா.”

அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். கம்பியைப் பிடித்தபடி பாலம் இருந்த பக்கம் பார்த்தார். காலை எடுத்துக் கீழே வைத்தார்.

“நீங்க போங்கடி. எனக்கு இங்கன வேல கெடக்கு.”

ரயில் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது.

அவர் கணவர் ஜவுளி மூட்டையைத் தலையில் சுமந்து விற்பவர். எந்த ஊரானால் என்ன என்று சொல்லிப் பாம்பனுக்கே குடிவந்துவிட்டார். தீவில் கயிறு திரிக்கும் பெண்கள் பெருகினார்கள். இரண்டு கரைக் கயிறும் ஒரே சங்கத்தின் பெயரில் போயிற்று. ஊரில் பெருநாள் வந்தது, அவர் வரவில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் சேதி வரும்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ராமநாதபுரத்தில் விழா. தலைவி வந்து வாங்க வேண்டும் என்றார்கள். அவர் வராததால் நான் வாங்கினேன். மறுநாளே ரயிலேறிப் பாம்பனுக்குக் கொண்டுபோனேன்.

கேடயத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தார். நல்லாருக்கு என்றார். சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டார்:

“வரும்போது பாலத்துல எட்டிப் பாத்தியா? தண்ணி எப்படி இருந்துச்சு?”

“அமைதியா இருந்துச்சு லாத்தா.”

“அப்படித்தான் இருக்கும்,” என்றார்.